ஒரே பெட்டி, மூன்று வீட்டு மீன்

போர் முடிந்தால் மறுநாளே அவர் மன்னாருக்குப் புறப்பட்டுவிடுவார் என்று எங்கள் குடும்பம் நம்பியிருந்தது. அவர் என்று நான் சொல்வது என் கணவரை. அவருடைய தம்பி ஜவ்பர் நம்பினார், எங்கள் மகள் நம்பினாள், அயல் வீட்டார் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

எங்கள் வீடும் அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடியே இருந்தது. புத்தளத்துக்கு வந்து இருபது வருடங்கள் நெருங்கிய பின்னும் அங்கே ஓர் அலுமாரி கிடையாது. துணிகள் தகரப் பெட்டிகளில் கிடந்தன. நல்ல கதிரை ஒன்று வாங்கலாமா என்று கேட்டால், "அங்க போய் வாங்குவம்" என்பார். வாடகைக்கு இருப்பவர்கூட இவ்வளவு எச்சரிக்கையாக இருந்திருக்கமாட்டார். அந்தக் காணியோ எங்களுடைய சொந்தக் காணி.

போர் முடிந்தது. மறுநாள் அவர் போகவில்லை. உப்பளத்தில் அந்தப் பருவத்து வேலை முடியட்டும் என்றார். பிறகு மகளின் பரீட்சை முடியட்டும் என்றார். முதலில் போனது ஜவ்பர்தான்.

மன்னாரிலிருந்து முஸ்லிம்களாகிய நாங்கள் இயக்கத்தால் வெளியேற்றப்பட்டபோது ஜவ்பருக்கு மீசை அரும்பும் வயது. புத்தளத்தில்தான் வளர்ந்தார். புத்தளத்துப் பெண்ணான பரீதாவை மணந்தார். மணந்த பின்னும் எங்கள் வீட்டோடு ஒட்டிய அறையில், எங்கள் அடுப்பிலேயே உண்டு வாழ்ந்தார். அவர் போய், காடு மூடிக் கிடந்த தகப்பனாரின் வளவைத் துப்புரவாக்கி வீடு கட்டுவார், கட்டி முடிந்ததும் எல்லோரும் போவோம் என்பதே ஏற்பாடு. பரீதாவும் பிள்ளைகளும் பின்னர் அவரிடம் போய்விட்டார்கள். அடுத்தது நாங்கள்.

அப்படிக் காத்திருந்த காலத்தில்தான் ஜவ்பர் ஒரு மாலை மன்னாரிலிருந்து வந்து, இரவில் தூண்டில் போடக் கற்பிட்டியில் போட் ஒன்று பேசியிருப்பதாகச் சொன்னார். நானும் கட்டாயம் வர வேண்டும் என்று வற்புறுத்தினார்.

ஆரஞ்சு நிற அங்கி

போட்டின் சொந்தக்காரர் அந்தோனி, மாம்புரியைச் சேர்ந்தவர். காலையில் உல்லாசப் பயணிகளை டொல்பின் பார்க்க அழைத்துப் போவார். நிலவில்லாத இரவுகளில், தூண்டில் போட விரும்புகிறவர்களுக்கு அதே போட்டை இடம் இடமாக வாடகைக்கு விடுவார். ஒரு குடும்பம் முழுப் போட்டையும் எடுக்கத் தேவையில்லை. முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போகலாம்.

அன்று எங்களோடு சேர்ந்தவர்கள் சிலாபத்திலிருந்து வந்த ஒரு தம்பதியர். கணவர் நந்தசேன, ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மனைவி சோமா. இருவரும் சிங்களவர். அந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு இயல்பான முறையில், தமிழையும் சிங்களத்தையும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து பேசினார்கள்.

ஏறுமுன் அந்தோனி எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதப்பு அங்கியைக் கொடுத்தார். என் கணவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். பால்குடி மறந்த நாளிலிருந்து கடலில் கிடந்தவர் அவர்.

"போடுங்க நானா, சட்டம்" என்றார் அந்தோனி. அங்கே முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடுவார்கள்.

"இவர் இத போட்டா மீன் சிரிக்கும்" என்றார் ஜவ்பர்.

"சிரிக்கட்டும். வாயத் திறந்தாத்தானே தூண்டில் உள்ளுக்குப் போகும்" என்றார் நந்தசேன.

என் கணவர் சிரித்துவிட்டு அங்கியைப் போட்டுக்கொண்டார். பட்டி ஒன்று அறுந்திருந்தது. அதை நான் முடிச்சிட்டுவிட்டேன். அவரது விரல்கள் குளிர்ந்திருந்ததை அப்போது கவனித்தேன். இருபது வருடங்களாக அவர் போட்டில் கால் வைத்ததில்லை.

பெண்கள் ஏறாத வள்ளம்

மீனவரின் மனைவியாக இருந்தும் அதுவரை மீன் பிடிக்கப் போகிற வள்ளத்தில் நான் ஏறியதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் ஏறுவதில்லை. ஏறினால் மீன் படாது என்பார்கள். யார் முதலில் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று யாரும் விசாரித்ததில்லை. நான் கல்யாணமான புதிதில் ஒருமுறை என் மாமியிடம் கேட்டேன். "ஏறினவ யாரும் இல்ல, எப்படித் தெரியும்?" என்றார் அவர். அந்தப் பதிலை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வாடகைப் போட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே ஏறுகிறவர் எல்லோரும் பயணி. நானும் சோமாவும் நடுப்பலகையில் அருகருகே அமர்ந்தோம். எங்கள் காலடியில் மீன் போடுவதற்கான வெள்ளை நிற ரெஜிபோம் நுரைப் பெட்டி இருந்தது. ஐஸ் துண்டுகளின் குளிர் செருப்பைத் தாண்டி ஏறியது.

வெகு நேரம் ஒன்றும் படவில்லை. தூண்டிலில் குத்திய கணவாய்த் துண்டுகளை மீன்கள் சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போயின. ஆண்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். சோமா என் காதருகே குனிந்து, "இப்ப நம்மளத்தான் சொல்லப் போறாங்க, பாருங்க டீச்சர்" என்றார். நான் அகதி முகாம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்பதைக் கரையிலேயே கேட்டறிந்திருந்தார்.

சொல்லிவிட்டு, தன் கணவர் சும்மா கட்டிவைத்திருந்த மேலதிகத் தூண்டிலைக் கையில் எடுத்துக் கடலில் இறக்கினார். அன்றைய முதல் மீன் சோமாவுக்குத்தான் விழுந்தது. மண்ணிற வரி ஓடிய நல்ல விளைமீன். நந்தசேன அதை டோர்ச் வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தார். "இது பஸ் மாறி ஏறின மீன்" என்றார் கடைசியில்.

அடியில் ஓடிய வெளிச்சம்

அந்த இரவில் நான் கண்டவற்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். ஏனெனில் அதற்கு முன் கடலை நான் பார்த்திருந்தேன் என்று சொல்ல முடியாது.

ஒரேயொரு தடவை கடலில் பயணம் செய்திருக்கிறேன். ஒலிபெருக்கியில் எங்களை வெளியேறச் சொன்ன அந்த ஐப்பசியில், மன்னாரிலிருந்து கற்பிட்டிக்கு வந்த பயணம். நிறைந்த வள்ளம். மடியில் கைக்குழந்தை. வழி முழுக்க நான் பார்த்தது வள்ளத்தின் அடிப்பலகையையும், அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரையும்தான். அந்தத் தண்ணீர் குழந்தையின் துணிப்பையைத் தொட்டுவிடாமல் காலால் தள்ளிக்கொண்டே வந்தேன். வானத்தில் நிலவு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

இம்முறை தலையை நிமிர்த்தினேன். கரையில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்தன. அந்தோனி அவற்றை வைத்துத்தான் இடம் பார்த்தார். முன்பெல்லாம் கோயிற் கோபுரத்தையும் பனைகளையும் நேர் வைத்துப் பிடித்த இடத்தை, இப்போது இந்த விளக்குகளில் இரண்டை நேர் வைத்துப் பிடிப்பதாகச் சொன்னார். நங்கூரம் இறங்கிய இடம் கடலடிப் பாறையின் ஓரம். தண்ணீரின் மணம் அங்கே வேறாக இருந்தது. அரைத்த பாசிப்பயறின் மணம் என்று எனக்குத் தோன்றியது. சோமாவுக்கு மழைக்கு முந்திய மண்ணின் மணம்.

நூலை இழுக்கும்போது அது போகும் வழியெல்லாம் தண்ணீர் நீலமாக மின்னியது. மீன் ஒன்று பட்டால் அந்த மினுக்கம் ஆழத்தில் வட்டமிட்டபடி மேலே வரும். மீன் தெரியாது, அதன் வெளிச்சம் தெரியும். இது ஏன் நிகழ்கிறது என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். கடலில் வாழும் நுண்ணுயிர்கள் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதியும் காட்டியிருக்கிறேன். கையை நீரில் விட்டு எடுத்து, விரல் நுனியில் ஒரு புள்ளி ஒளி மிச்சமிருந்து அணைவதைப் பார்த்தபோது, அந்தப் பாடத்தை எவ்வளவு அவசரமாக நடத்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவரையும் பார்த்தேன். சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தைச் சுட்டுவிரலில் மாட்டி, அதன்மேல் தங்கூசி நைலோன் நூலை ஓடவிட்டிருந்தார். கண்களை மூடியிருந்தார். தொடக்கத்தில் இரண்டு மீன்களை நழுவவிட்டார். பிறகு நழுவவிடவில்லை. கலவாய், பாரை, மறுபடி விளைமீன். அவரால் இந்தத் தொழிலுக்குத் திரும்ப முடியுமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. மன்னாருக்குப் போனால் உப்பள வேலை இல்லை, கடல்தான் சோறு. அவர் கைகள் அந்தக் கேள்விக்கு என் கண்முன்னே பதில் சொல்லிக்கொண்டிருந்தன. முடியும்.

அப்படியானால் போகப்போகிறோம் என்று நினைத்தேன். பிளாஸ்கைத் திறந்து இஞ்சி பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன். அது ஆறும்வரை கையிலேயே இருந்தது.

வாப்பாவின் வெட்டு

மீன் நன்றாகப் படத் தொடங்கியபோது அந்தோனி ஒரு விடயத்தைச் சொன்னார். போட்டில் இருப்பது ஒரே பெட்டி. எல்லோருடைய மீனும் அதற்குள்தான். எந்த மீன் யாருடையது என்று கரையில் நின்று வாதிட முடியாது. ஆகவே அடையாளம் வைக்க வேண்டும்.

நந்தசேன செவுளில் நூல் கட்டலாம் என்றார். அதற்குள் என் கணவர் கத்தியை எடுத்துவிட்டார்.

எங்கள் ஊரில் பல வீட்டு ஆண்கள் ஒரே வள்ளத்தில் சேர்ந்து தூண்டிலுக்குப் போவார்கள். பிடித்த மீனின் வாலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு விதமான வெட்டு இருக்கும். ஒரு வீட்டார் மேல்நுனியைக் கிள்ளுவார்கள், இன்னொரு வீட்டார் நடுவில் பிளப்பார்கள். என் மாமனாரின் வெட்டு, வாலின் கீழ்ப்பாதியில் சரிவாக ஒன்று. அதை எல்லோரும் அறிவார்கள். கரையில் காத்திருக்கும் பெண்கள் வாலைப் பார்த்தே தம் மீனை எடுத்துக் கூடையில் போடுவார்கள். நானும் அப்படி எடுத்தவள்தான்.

வெட்டு ஆளுக்குரியதல்ல, அடுப்புக்குரியது. தகப்பனும் மக்களும் ஒரே அடுப்பில் உண்ணும்வரை அவர்கள் பிடிப்பதெல்லாம் ஒரே வெட்டு. மகனோ தம்பியோ தனியே சமைக்கத் தொடங்கினால் தனக்கென்று புதிய வெட்டை எடுத்துக்கொள்வான். அதன் பிறகு அவன் மீன் அவன் வீட்டு மீன்.

அந்தோனிக்கும் இந்த வழக்கம் தெரிந்திருந்தது. சிலாபத்துக்காரரின் மீனை வெட்டாமலே விடுவோம், அதுவே அவர்களுக்கு அடையாளம் என்று முடிவாயிற்று.

முதலில் ஜவ்பர் பெட்டியின் அருகில் இருந்தார். தான் பிடித்ததை இருட்டில் தானே வெட்டிப் பெட்டியில் போட்டார். பிறகு அவருடைய நூலும் நந்தசேனவின் நூலும் சிக்கிக்கொள்ளவே, எழுந்து போட்டின் முன்பக்கம் போய்விட்டார். அங்கிருந்து மீனைப் பலகையில் வழுக்கிவிடுவார். அதை என் கணவர் பிடித்து, வாலில் தகப்பனாரின் வெட்டைப் போட்டுப் பெட்டிக்குள் தள்ளுவார். அவருக்கு அது யோசித்துச் செய்கிற வேலையாக இருக்கவில்லை. தம்பியின் மீன் தன் வீட்டு மீன். நான் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். இருபது வருடங்களாக நான் காணாத அந்தச் சரிவான வெட்டு, மீன் மீனாக என் கண்முன் வந்துகொண்டிருந்தது.

ஜவ்பர் முன்பக்கத்திலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "காக்கா" என்று அண்ணனைக் கூப்பிட்டார். "என்ன?" என்று இவர் கேட்டார். "ஒண்டுமில்ல" என்றார் ஜவ்பர்.

மணலில் கொட்டியபோது

கிழக்கு வெளுத்தபோது கரைக்கு வந்தோம். அந்தோனி பெட்டியை மணலில் கவிழ்த்தார். நீரில் ஒளியாகத் தெரிந்தவை அங்கே வெறும் மீன்களாகக் கிடந்தன. அவர் குந்தியிருந்து வால்களைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் கை நின்றது.

"டீச்சர், இதுல மூணு வீட்டு மீன் இரிக்கு" என்றார். "போட்டுல ஏறினது ரெண்டு வீடுதானே?"

மூன்றாவது குவியல் சிறியது. அந்த மீன்களின் வாலில் இரண்டு நுனிகளும் நேராக நறுக்கப்பட்டிருந்தன. சுத்தமான, கை பழகிய வெட்டு. என் கணவர் ஒன்றை எடுத்து நந்தசேனவிடம் நீட்டினார்.

"நம்மட மீனுக்கு வால் முழுசா இரிக்கும் நானா" என்றார் நந்தசேன.

"அது என்ட வெட்டு காக்கா" என்றார் ஜவ்பர்.

இவர் அந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இந்த வெட்டை எப்போது எடுத்தது என்று கேட்டார். போன தென்மேற்குச் சோளகக் காற்றுக்கு முன்னரே என்றார் ஜவ்பர். மன்னாரில் வேறு ஆட்களோடு சேர்ந்து கடலுக்குப் போகிறாராம். முதல் நாள் தகப்பனாரின் வெட்டைப் போடத்தான் கத்தியை வைத்தாராம். கை ஓடவில்லையாம்.

"வாப்பாட வெட்டப் போட்டா அது உங்கட வீட்டு மீன். நான் கொண்டு போறது என்ட வீட்டுக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அங்க கட்டினது எல்லாரும் ஒண்டா இரிக்கிற வீடு இல்ல காக்கா. பரீதா தனி அடுப்புக் கேட்டா. அவ கேட்டதும் ஞாயம். வளவுல பாதிய நான் தொடல்ல, உங்களுக்குத்தான் கிடக்கு. இதச் சொல்லத்தான் உங்கள கூட்டி வந்தன். மச்சியும் இருந்தா சொல்லலாம் எண்டு நினைச்சன். ராவு முழுக்க வாய் வரல்ல."

என்னை ஏன் அவ்வளவு வற்புறுத்தி அழைத்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜவ்பரைப் பார்த்தேன். முகாமில் காய்ச்சலில் கிடந்தபோது என் கையால் கஞ்சி குடித்த பிள்ளை. இப்போது காதோரம் நரைத்திருந்தது. தனக்கென்று ஓர் அடுப்பு வேண்டும் என்பதை அண்ணனிடம் சொல்ல ஓர் இரவு முழுக்கக் கடலில் கிடந்திருந்தார்.

சோமா தன் கணவரின் கையைப் பிடித்துத் தேநீர்க் கொட்டிலின் பக்கம் இழுத்துப் போனார். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"உன்ட கத்தியத் தா" என்றார் என் கணவர்.

அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பெரிய குவியலின் முன் அமர்ந்தார். முன்பக்கத்திலிருந்து ஜவ்பர் வழுக்கிவிட்ட மீன்கள் எவை என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தார். சரிவான பழைய வெட்டின்மேல் கத்தியை வைத்து, இரண்டு நுனிகளையும் நேராக நறுக்கினார். பழைய வெட்டு அதில் மறைந்துபோயிற்று. நறுக்கிய மீனைச் சிறிய குவியலில் வைத்தார். ஒரு பாரையைக் கையில் எடுத்துச் சற்றுத் தயங்கினார்.

"இது நீயா, நானா?"

"நீங்க" என்றார் ஜவ்பர்.

அதைத் திருத்தாமல் எங்கள் பக்கம் வைத்தார்.

முடிந்தபோது சிறிய குவியல் எங்களுடையதைவிடப் பெரிதாகியிருந்தது. ஜவ்பர் இரண்டு கைகளாலும் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். அந்தோனி இரண்டு பைகளில் ஐஸ் அள்ளிப் போட்டுக் கொடுத்தார். யாரும் யாரையும் தேற்றவில்லை.

பல நாட்கள் கழித்து, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். கோபமா, வாழ்த்தா, இரண்டும் கலந்ததா என்று அறிய விரும்பினேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "பிழையான வெட்டோட மீன் வீட்டுக்குப் போகப்படாதே" என்றார். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை என்பதுபோல.

வேனில்

புத்தளத்துக்குத் திரும்பும் வழியில் ஜவ்பர் முன்னிருக்கையில் உறங்கிவிட்டார். பாதையின் இருமருங்கிலும் தென்னந்தோட்டங்களும், வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களின் சத்தமும். தலவிலத் தேவாலயத் திருநாள் அண்மித்திருந்ததால் எதிரே பஸ்கள் நிறைந்து வந்தன. என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சாரத்தில் மீன் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன.

மாம்புரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எங்க இரிக்க விருப்பம்?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படி ஒன்றை என்னிடம் கேட்டதில்லை. வெளியேறியபோது கேட்க நேரமிருக்கவில்லை. திரும்புவது பற்றிய பேச்சில், கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் என்னிடம் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் பதில் எங்கோ ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும். யோசிக்காமலே வந்தது.

"இங்க."

அவர் தலையை அசைத்தார். சாரத்தில் ஒட்டியிருந்த செதில் ஒன்றைச் சுரண்டி எடுத்தார்.

"எனக்கும்" என்றார். பின்னர், முன்னிருக்கையில் உறங்குகிறவரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவனுக்குச் சொல்லணும், மத்தப் பாதியிலயும் ஏதாச்சும் நடட்டும்."

அன்று மாலையே சொன்னார். ஜவ்பர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் வெகு நேரம் கதைத்தார்கள். நான் விளைமீனைப் புளியாணம் வைத்துக்கொண்டிருந்தேன். என்ன கதைத்தார்கள் என்று கேட்க முயலவில்லை.

மன்னாரில், தகப்பனாரின் வளவு முழுவதிலும், ஜவ்பரும் பரீதாவும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கள் மகள் கணவரோடு குருணாகலில் இருக்கிறாள். இந்த வீட்டில் அவரும் நானும் இருக்கிறோம்.